பனிக்குச் சொன்ன எண்ணெய்

ஒருவர் சொன்னதை அப்படியே செய்வதும் பிழையாகுமா?

எங்கள் ஊரான அக்கராயனில் மணப்பெண் அலங்காரம் செய்யும் றஞ்சி அக்காதான், முகத்துக்கு என்ன பூசுவது என்று எனக்குப் பருவத்துக்குப் பருவம் சொல்லித் தருபவர். தைப் பனியில் என் கைக்குழந்தையின் கன்னங்கள் வெடித்தபோதும் அவரிடமே தூக்கிக்கொண்டு போனேன்.

"சவர்க்காரம் வேண்டாம் தங்கச்சி. தேங்காயெண்ணெயைத் தடிப்பாப் பூசுங்கோ."

"வெயில் தொடங்கினா என்ன செய்யிறது அக்கா?"

"பங்குனியில கொண்டு வாங்கோவன். இப்பவே சொன்னா ரெண்டையும் போட்டுக் குழப்பிப்போடுவியள்," என்று சிரித்தார்.

கன்னங்கள் ஆறின. ஆனால் பங்குனிக்கு முன்பே சண்டை நெருங்கி எல்லோரும் இடம்பெயர்ந்தோம். அக்கா எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த ஒட்டுசுட்டானில், தறப்பாள் விரித்துக் கூரை போட்ட கொட்டிலுக்குள் பங்குனி வெயில் அனலாய் அடித்தது. நான் நாள் தவறாமல் எண்ணெய் பூசினேன். வேர்க்குரு என்று நினைத்தது கொப்புளமாகிச் சீழ் பிடித்தது. காய்ச்சலும் வந்தது.

"வேர்த்து ஒழுகிற பிள்ளைக்கு ஏனப்பா இன்னும் எண்ணெய்?" என்றார் கணவர்.

"அக்கா நிப்பாட்டச் சொல்லேல்லையே," என்று அழுதேன்.

ஆஸ்பத்திரியில் அன்று மருந்து இருந்ததால் மகள் தப்பினாள். தழும்புகள் மாறவில்லை.

இப்போதெல்லாம் யார் எதைப் பூசச் சொன்னாலும், எப்போது நிறுத்துவது என்றும் கேட்டுவிட்டே வருகிறேன். மறுபடி பனி தொடங்கி, அவள் கன்னம் வெடிக்கிறது. எண்ணெய்ப் போத்தலை எடுத்துவிட்டு, திறக்காமலே திரும்ப வைக்கிறேன்.

என்ன பூசலாம் என்று தெரிந்த வாசகர்கள் எழுதுங்கள். வெயில் காலத்துக்கும் சேர்த்தே எழுதுங்கள். அப்போது நாங்கள் எந்த ஊரில் இருப்போமோ தெரியாது.