இராஜம்மா அக்கா வாய் மூடிய காலை

இராஜம்மா அக்கா எதையும் மூன்று முறை சொல்வார். "சட்டை, சட்டை, சட்டைய மாத்து." பெற்றோர் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் தோட்டத்து ஆயாக்கொட்டகையை இருபது வருடமாக அவர்தான் பார்த்துக்கொண்டார். அங்கே பிள்ளைகள் மூன்றாவது தடவைக்குத்தான் அசைவார்கள். நானும் அப்படி அசைந்தவன்தான்.

1983இல் பட்டம் வாங்கிக்கொண்டு, மலேசியாவின் தஞ்சோங் காராங் பக்கமிருந்த எங்கள் செம்பனைத் தோட்டத்துக்குத் திரும்பினேன். கையில் நாற்பது கேள்விகள் கொண்ட படிவம். பிள்ளைகள் தாமாகத் திட்டமிடுகிறார்களா, சொன்னதை நினைவில் வைக்கிறார்களா, கோபத்தை அடக்குகிறார்களா என்று வளர்ப்பவர்களிடம் கேட்டு அறிவதற்கானது. தயாரித்தவர் என் விரிவுரையாளர், தமிழாக்கியவன் நான்.

கொட்டகைப் பிள்ளைகளில் ஆறு வயது அமராவதி வாயே திறப்பதில்லை, பள்ளியில் சேர்க்க இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்றார் தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர். படிவத்தைப் பார்த்து முடிவு செய்யும்படி நான்தான் கெஞ்சியிருந்தேன்.

"யாரும் நினைவூட்டாமல் குழந்தை தன் வேலையைச் செய்கிறதா?" என்று வாசித்தேன்.

அக்கா யோசித்தார். "எனக்கு எப்படித் தெரியும் தம்பி? நான் நினைவூட்டாம இருந்ததே இல்லையே."

"உத்தேசமா சொல்லுங்கக்கா."

"புள்ள படிப்பு லா. உத்தேசமாவா சொல்றது? நாளைக்கு ஒரு காலை வாய மூடிப் பாக்குறேன்."

மறுநாள் துண்டின் முனையைக் கவ்விக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் காத்திருந்தார்கள். சத்தமே வரவில்லை. ஐந்து வயது ராஜு அழுதான்.

"ஆயா செத்துப்போச்சு."

செத்த ஆயா அவனை முறைத்தார்.

அமராவதி எழுந்தாள். பால் கொதித்த அடுப்பை அணைத்தாள். சின்னதுகளை வரிசையாக உட்கார வைத்தாள். செருப்பைச் சரியான கால்களில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பத்து நிமிடத்தில், தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுத்து ஊசி போடும் டிரசரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"வாயத் திறங்க" என்றார் டிரசர்.

அக்கா தலையாட்டி மறுத்து, காலை இன்னும் முடியவில்லை என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"தாடை பூட்டிக்கிச்சு போல" என்று டிரசர் ஊசியை எடுத்ததும் துண்டு கீழே விழுந்தது.

"வேணாம், வேணாம், வேணாம்."

நான் பேனா கொண்டுவர மறந்திருந்தேன். டிரசரிடம் வாங்கித்தான் குறித்தேன். திட்டமிடுதல்: எப்போதும். நினைவு: எப்போதும். ஏமாந்த கோபத்தில் அமராவதி நாற்காலியை உதைத்துக்கொண்டிருந்ததால் கோபம் அடக்குதலுக்கு மட்டும் 'சில நேரம்'. டிரசரை அழைத்து வந்ததைப் பின்பக்கத்தில்தான் எழுத முடிந்தது. நாற்பது கேள்விகளில் அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

தலைமையாசிரியர் பின்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு அவள் பெயரைப் பதிந்தார்.

அடுத்தது ராஜுவின் படிவம். "இன்னொரு நாள் வாய மூடுறேன் தம்பி. கண்டிப்பா, கண்டிப்பா, கண்டிப்பா" என்றார் அக்கா.

ராஜு இப்போது பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அந்த ஒரு காலை இன்னும் பாக்கி.