சகலையின் சத்தமில்லாத பெட்டி

மாமனார் வீட்டில் எனக்கு இருந்த மரியாதைக்குக் காரணம் தூசி. இதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கும் பக்கம் அவருக்குச் சின்னதாக ஒரு பட்டறை. ப்யூஸ் போடுகிற பீங்கான் கட்டைகள் செய்கிறார்கள். வீடும் அதே காம்பவுண்டில்தான். பட்டறைக்குக் கேமரா வைத்தபோது, படங்களைச் சேமிக்க என் ஜெராக்ஸ் கடையில் ஓய்ந்துபோன பெரிய கம்ப்யூட்டரை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். அது மாவு மில் மாதிரி சத்தம் போடும். உள்ளே இருக்கும் ஃபேன் வெள்ளை மண் தூசியை இழுத்து இழுத்து, மாதம் ஒருமுறை மூச்சு முட்டி நின்றுவிடும். உடனே மாமனார் போன் செய்வார். நான் ப்ளோயரை எடுத்துக்கொண்டு போவேன். மூடியைக் கழற்றித் தூசியை ஊதிவிட்டு, தலையெல்லாம் வெளுத்து வெளியே வந்தால் அத்தை வெந்நீர் போட்டு வைத்திருப்பார். அப்புறம் கறிச்சோறு. மூத்த மாப்பிள்ளை இல்லாமல் இந்த வீடு ஓடாது என்று நானாக முடிவு செய்துகொண்டு, ஏப்பம் விட்டபடி திரும்புவேன்.

இதைக் கெடுத்தவன் என் சகலை, மச்சினியின் வீட்டுக்காரன். சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம், வேலை சென்னையில். அவன் ஆபீஸில் கழித்துப்போட்ட சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி வந்தான். டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிசு. ஃபேனே கிடையாது. ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்து, ஒரே மத்தியானத்தில் என் கம்ப்யூட்டர் பார்த்த வேலையை எல்லாம் அதன் தலையில் கட்டிவிட்டான். போதாததற்குக் குடும்பத்துப் போட்டோக்களையும் அதில் ஏற்றினான். மாமனார் மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே போனில் சூளையைப் பார்த்தார். அத்தை டிவியில் பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். கரண்டு போனாலும் இன்வெர்ட்டரில் அதுபாட்டுக்கு ஓடியது. குண்டு பல்பு அளவுக்குக்கூடக் கரண்டு இழுக்காது என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார். என் கம்ப்யூட்டரைக் கோணியில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கத் தெரிந்த ஆளும் நான் இல்லை. நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது என்றேன். சித்திரையில், பக்கத்தில் சூளை எரியும்போதும் தாங்கியது. தூசி அடைத்துக்கொள்ளும் என்றேன். உள்ளே இழுக்க ஃபேன் இல்லாததால் தூசி அதன் மேல் சும்மா படிந்து கிடந்தது. அத்தை புடவைத் தலைப்பால் ஒரு துடை துடைப்பார், அவ்வளவுதான். மாதங்கள் போயின, போன் வரவில்லை. நான் கடையில் உட்கார்ந்து ப்ளோயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் மனக்குறையைத் தாளில் எழுதி கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். அதைக்கூட யோசித்துப் பார்த்தேன். ஒரு பெட்டி ரிப்பேர் ஆகமாட்டேன் என்கிறது என்று சாமிக்கு எப்படி எழுதுவது?

ஆயுத பூஜை அன்று கடையில் பூஜையை முடித்துவிட்டு மனைவியோடு அங்கே போனேன். மச்சினியும் வந்திருந்தாள், சகலைக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. பட்டறைச் சாமான்களுக்கெல்லாம் அத்தை சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். பெட்டிக்கும் வைத்திருந்தார், முன்பெல்லாம் என் கம்ப்யூட்டருக்கு வைத்ததைவிடப் பெரிய பொட்டாக. பூஜை முடிந்து நாங்கள் பொரி தின்றுகொண்டிருந்தபோது மாமனாரின் போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவர் ஸ்பீக்கரில்தான் பேசுவார். பேசியது சகலை.

"மாமா, பெட்டி கொஞ்ச நேரமா ஆஃப்ல இருக்குது. யாராவது பிளக்க புடுங்கிட்டாங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமனார் பார்த்தார், மச்சினி பார்த்தாள், என் மனைவியும் பார்த்தாள். கையிலிருந்த பொரியைத் திரும்பத் தட்டிலேயே போட்டேன்.

சமையல்கட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "நாந்தான் புடுங்கி வச்சேன். பூச போட்ட சாமானுக்கு இன்னிக்கி வேல குடுக்கலாமா? நாளைக்கி காலையில சொருவிக்கலாம்."

சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்து வைத்தேன். அத்தோடு சகலை போனை வைத்திருக்கலாம். "நான் அண்ணன நெனைக்கவே இல்ல மாமா. அவரு அப்பிடிப்பட்ட ஆளு கெடையாது" என்றான்.

அப்படியென்றால் என் வயிற்றெரிச்சல் சென்னை வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது தெரிந்தும் அவன் எனக்காகப் பரிந்து பேசுகிறான். பெட்டியைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். அவன் நல்லவனாகவும் இருந்து தொலைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

வண்டியில் திரும்பும்போது பாலக்கரை வந்ததும் மனைவி ஆரம்பித்தாள். "ஏங்க, நான் உங்கள சும்மாதான் பாத்தேன். தப்பா நெனைச்சிக்காதீங்க."

"நீ பாத்ததுல ஒண்ணும் தப்பில்ல" என்றேன். "பூச நடக்கிறப்ப பிளக்க புடுங்கத்தான் எழுந்து போனேன். போயி பாத்தா, உங்கம்மா முந்திக்கிட்டாங்க."