குளிராத காலுக்கு ஒரு ஹீட்டர்

முதலில் அதைப் பார்த்தது நானல்ல. என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த செல்வராணி டீச்சர்தான் பார்த்தார்.

தை மாதம், காலை ஆறரை மணி இருக்கும். ரிங் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லியிருந்தேன். கியரைப் பார்க்கக் குனிந்தவர் நிமிரவில்லை.

"அண்ணே, உங்க கால்ல என்ன? மேட்டெல்லாம் ரத்தமா இருக்கு" என்றார்.

பயிற்சிக் கார்களில் சொல்லிக்கொடுப்பவருக்குக் கீழேயும் ஒரு பிரேக்கும் கிளட்சும் இருக்கும். என் வலது கால் அந்தப் பிரேக்கின் மேல் இருந்தது. சுண்டுவிரல் பக்கம் தோல் வழன்றிருந்தது. ரத்தமும் நீருமாகச் செருப்பு நனைந்து, கீழே மேட் என்கிற ரப்பர் விரிப்பிலும் வழிந்திருந்தது. எனக்கு ஒரு வலியும் இல்லை.

"ஷூ கடிச்சிருக்கும் டீச்சர், நீங்க வண்டிய எடுங்க" என்றேன். நான் அன்று போட்டிருந்தது செருப்பு.

டீச்சர் வண்டியை எடுக்கவில்லை. என் போனை வாங்கி என் மனைவி ஈஸ்வரியைக் கூப்பிட்டு, இன்ன இடத்துக்கு ஆட்டோவில் வந்து இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் வகுப்பில் பிள்ளைகள் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

எனக்கு வயது ஐம்பத்தாறு. முப்பது வருடமாக ஸ்டியரிங்கோடுதான் பிழைப்பு. முதலில் லாரி, பிறகு நண்பன் கண்ணன் நடத்தும் டிரைவிங் ஸ்கூல். சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. கேட்டவர்களிடமெல்லாம் கன்ட்ரோலில் இருக்கிறது என்று சொல்லி வந்தேன். அந்தக் கன்ட்ரோலின் ரகசியம் எளிது. டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து, டீயில் சர்க்கரையை நிறுத்திவிடுவேன். டாக்டரை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டு, வரும் வழியில் வடை சாப்பிட்டுவிட்டு வருவேன்.

இரண்டு வருடமாகப் பாதம் குளிர்ந்துகொண்டே இருந்தது. மார்கழியில் குளிர்ந்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எனக்குச் சித்திரையிலும் குளிர்ந்தது. தார் உருகி டயரில் ஒட்டுகிற வெயிலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு படுப்பேன்.

"மதுரையே வெந்துக்கிட்டு இருக்கு, உங்களுக்கு மட்டும் கொடைக்கானலா?" என்று ஈஸ்வரி கேலி செய்வாள்.

கடைசியில் கொடைக்கானலே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. என் சகலை (மனைவியின் தங்கை கணவர்) அங்கே ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறார். அறைகளுக்குப் புது ஹீட்டர் வாங்கியபோது பழையதில் ஒன்றை எனக்காகக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு கம்பிகள் சிவக்கச் சிவக்க எரியும், முன்னால் ஒரு கம்பி வலை. அவ்வளவுதான் அது.

கீழக்குயில்குடி போகும் சாலையில் எங்கள் வீடு. முன்னறை சின்னது, அதில் பிளக் பாயின்ட் ஒன்றுதான், அதுவும் பிரிட்ஜுக்குப் பின்னால். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை இழுத்து, மேசைக்கு அடியில் ஹீட்டரை வைத்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து, கொசுவுக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு, மேசைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிப்பேன். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் முதல் வகுப்புக்குச் சரியாக இருக்கும்.

முதல் வாரம் இரண்டடி தள்ளி வைத்தேன். சூடு பத்தவில்லை. ஒரு சாண் தூரத்துக்கு இழுத்தேன். அப்போதும் பத்தவில்லை. பிறகு விரல்கள் வலையில் உரசும் அளவுக்குக் கொண்டுவந்தேன். அப்படியும் குளிர் போகாததால் சகலைக்குப் போன் போட்டேன்.

"லாட்ஜுல வேணாம்னு தூக்கிப் போட்டத என் தலையில கட்டிட்டீங்களே."

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? அந்த ரூமுக்கே அனல் அடிக்கும். மூணடி தள்ளி வைக்கணும்ணே. துணி, பேப்பர் எதுவும் கிட்ட ஆகாது. வயர நேரா செவுத்து பிளக்குல குத்துங்க, பாக்ஸ் தாங்காது."

"மூணடி தள்ளி வச்சா அது எனக்கு ஹீட்டரா, எதிர்வீட்டுக்கா?" என்று கேட்டுச் சிரித்தேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்த அறைக்குக் காபி கொண்டுவரும்போதே ஈஸ்வரிக்கு வியர்த்துக் கொட்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுப்படியே தேவலங்க" என்பாள். அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

டீச்சர் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பு, சமையலறையிலிருந்து ஈஸ்வரி குரல் கொடுத்தாள்.

"ஏதோ கருகுது. இங்க இல்ல, அடுப்ப அணைச்சுட்டேன். அங்க பாருங்க."

பார்த்தேன். பேப்பரைப் பார்த்தேன், மேசைத் துணியைப் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டால் கை சுட்டது, பிளக் குத்தும் ஓட்டை பழுப்பேறி இளகியிருந்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சுவிட்சை அணைத்தேன். வீடு தீப்பிடிக்காமல் தப்பித்தது அன்று உண்மைதான். பிறகுதான் நைலான் சாக்ஸின் ஓரம் உருகியிருப்பது தெரிந்தது. சாக்ஸ் போனால் போகிறது என்று கழற்றினேன். அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் சிவந்து நீர் கோத்திருந்தன. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, ஈஸ்வரியிடம் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டேன். வலிக்காத ஒன்றை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆஸ்பத்திரியில் பாதப் பிரிவுக்கென்றே ஒரு டாக்டர் அம்மா இருந்தார். புண்ணைப் பார்த்துவிட்டு ஒரு நைலான் இழையை எடுத்தார்.

"கண்ண மூடிக்கங்க. கால்ல தொடுறப்பெல்லாம் ஆமான்னு சொல்லுங்க."

நான்கு முறை ஆமா என்றேன். கண்ணைத் திறந்தால் டாக்டர் ஈஸ்வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பாதங்களிலுமாகப் பத்து இடத்தில் தொட்டிருக்கிறார். நான் ஆமா சொன்ன நான்கில் இரண்டு முறை அவர் தொடவே இல்லையாம்.

பிறகு என் இடது பாதத்தின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். "கால் நல்லாச் சூடாத்தான் இருக்கு. ரத்த ஓட்டமும் பரவாயில்ல. குளிர் வெளிய இல்லங்க, உங்க நரம்புல இருக்கு."

அதற்கு நீரிழிவு நரம்புச் சிதைவு (ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடுதலாக இருந்து உணர்வு நரம்புகள் பழுதாவது) என்று பெயர். பழுதான நரம்பு இரண்டு விதமாகக் கெடுக்கும். சுடுகிறது, குத்துகிறது என்ற உண்மையைச் சொல்லாது. குளிர்கிறது, எரிகிறது என்று இல்லாததைச் சொல்லும். நான் இரண்டு வருடமாக ஒரு பொய்யை நம்பி, கடைசியில் அதற்கு நெருப்பும் மூட்டியிருக்கிறேன். ஹீட்டர் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

ஈஸ்வரி அங்கேயே அழுதாள். கருகிய வாசனையைத் தான் கண்டுபிடித்தும் காலைப் பார்க்காமல் போனோமே என்று அவளுக்கு. எனக்கோ பயமாக இருந்தது.

தீக்காயம் ஆழமானது. இறந்த சதையை வெட்டி நீக்கினார்கள். மயக்க மருந்தை மிகக் குறைவாகத்தான் கொடுத்தார்கள், அதுவே அதிகம் என்று எனக்குத் தோன்றியது. வெட்டிப் பார்த்தபோது விரல் எலும்பு வரை சீழ் இறங்கியிருந்தது.

"விரலோட நின்னுரலாம். பாதம் வரைக்கும் போகவும் செய்யலாம். மூணு வாரம் பாக்கணும்" என்றார் டாக்டர்.

"வலது கால் டாக்டர். பிரேக் கால்."

"முதல்ல கால் இருக்கட்டும்" என்றார் அவர்.

அந்த மூன்று வாரத்தில் டிரஸ்ஸிங் (புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுவது) அறைக்கு வெளியே நடைகூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு விவசாயி வருவார். கணுக்காலுக்கு மேல் எடுத்தாகிவிட்டது. முழங்கால் வலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார், பை நழுவிப் பாதத்துக்குப் போயிருக்கிறது. என் கதையைக் கேட்டுவிட்டு, "உங்களுக்குக் கரண்டு, எனக்குத் தண்ணி. அம்புட்டுத்தான் அண்ணே வித்தியாசம்" என்றார். அவர் சிரித்தார். அவர் வேட்டி நுனியைப் பார்க்காமல் இருக்க நான் ரொம்பப் பாடுபட்டேன்.

எனக்கு இரண்டு விரல்களோடு நின்றது. சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் போயின. மற்றபடி பாதம் தப்பியது. நான்கு மாதம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவிடவில்லை. ஈஸ்வரி ஒருநாள் விட்டு ஒருநாள் என்னை ஆட்டோவில் ஏற்றி இறக்கினாள். வாரக் கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

என்னைப் போல் கால் குளிர்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்குச் சிலவற்றைச் சொல்லவேண்டும். குளிர்கிறது என்று தோன்றினால் முதலில் வீட்டில் ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் சூடாக இருக்கிறது என்றால் அவர்களை நம்புங்கள். நரம்பு சொல்லும் பொய்க் குளிருக்கு மருந்து இருக்கிறது, எனக்கே இப்போது பாதி குறைந்துவிட்டது. நிஜமாகவே சில்லிட்டிருந்தால் ரத்தக் குழாயைப் பார்க்கவேண்டியிருக்கும், டாக்டரிடம் போங்கள். ஹீட்டர், வெந்நீர்ப் பை, வெந்நீரில் கால் முக்குவது மூன்றும் நமக்கு ஆகாது. இறுக்காத பருத்திச் சாக்ஸும் ஒரு போர்வையும் போதும், நம் ஊர்க் குளிருக்கு அதுவே ஜாஸ்தி. வீட்டில் வேறு யாருக்காவது ஹீட்டர் வேண்டுமென்றால், என் சகலை சொன்னபடி மூன்றடி, சுவர் பிளக், பக்கத்தில் துணி கூடாது. அறையைச் சூடாக்கிவிட்டு, படுக்குமுன் அணைத்துவிடுங்கள். கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். குளிக்கும் தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள்.

ஆடி பிறந்ததும் கட்டு பிரித்தார்கள். கண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"மாப்ள, லைசன்ஸ் இருக்கு, கால் இருக்கு. நாளைக்கே வா."

மறுநாள் மைதானத்தில் வண்டியை நிறுத்தி, என் இருக்கையில் உட்கார்ந்தேன். இஞ்சினைப் போடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, என் வலது காலைத் தூக்கி எதன் மேலாவது வை, எது என்று நான் சொல்கிறேன் என்றேன். கண்ணன் மூன்று முறை வைத்தான். மூன்று முறையும் நான் பிரேக் என்றேன். ஒருமுறைதான் அது பிரேக்.

கண்ணன் என் காலை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தான். பிறகு, "கண்ணத் தொறந்து பாத்து மிதிச்சா ஆச்சு. யாருக்கு மாப்ள தெரியப்போகுது?" என்றான்.

"ஒரு டீச்சரம்மா வண்டிய ஆட்டோ மேல விடும்டா. நான் மேட்ட மிதிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கால் குளிர ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த இரண்டு வருடமும் எத்தனை பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதை மிதிக்கிறேன் என்று தெரியாமலேயே ரிங் ரோட்டில் போயிருக்கிறேன்? ஒன்றும் ஆகவில்லை என்பது என் திறமை இல்லை. வண்டியிலிருந்து இறங்கிச் சாவியைக் கண்ணனிடம் கொடுத்தேன். இப்போது சாலை விதி வகுப்பு எடுக்கிறேன். மைதானத்தில் குடை பிடித்து வெளியே நின்று, ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். கத்துவது மட்டும் குறையவில்லை என்று சொல்கிறார்கள்.

முன்பு என் நாள் அரைமணி அரைமணியாக ஓடும், ஒரு வகுப்பு முடிந்தால் அடுத்தது. இப்போது சாயங்காலம் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கும் பத்து நிமிடத்தைச் சுற்றித்தான் நாள் இருக்கிறது. பார்த்து முடித்து, ஒன்றும் இல்லை என்றால், அன்றைய நாள் நல்ல நாள்.

ஈஸ்வரி கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். என்னிடம் இல்லை, கண்ணனிடம். இனி ஆட்டோவில் ஏறி இறங்க இடுப்பு தாங்காது என்று அவளே முடிவு செய்தாள். போன வாரம் செக்கப்புக்கு அவள்தான் ஓட்டிக்கொண்டு போனாள். பெடல் எதுவும் இல்லாத பக்கத்து இருக்கையில் நான். வாயைத் திறக்கக்கூடாது என்று முன்பே சொல்லிவிட்டாள்.

வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் திருப்பத்தில் ஒரு ஆட்டு மந்தை சட்டென்று சாலையில் இறங்கியது. அவள் பதறாமல் நிறுத்தினாள். நன்றாகவே நிறுத்தினாள். நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். என் வலது கால் முன்னால் போய், வெறும் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, பயந்துட்டீங்களா?"

"இல்ல. கால் பிரேக் போட்டிருக்கு."

அவளும் குனிந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியலையா?"

"இப்பப் பாத்துத்தான் தெரிஞ்சது."

அவள் என் தொடையின் மேல் கையை வைத்தாள். எனக்குச் சேதி எதுவும் சொல்லாமல் அந்தக் கால் இன்னும் என் பழைய வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. காலை எடுக்க மனம் வரவில்லை. கடைசி ஆடு கடக்கும்வரை அப்படியே மிதித்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.