விழுப்புரத்தில் ஒரு வெள்ளம்

விழுப்புரம் ஸ்டேஷனில் இடுப்பில் லாரி டியூபோடு நிற்கிறேன். நான் ரிட்டையரானதைக் கொண்டாட, நானும் என் மனைவி விசாலமும் கோதாவரியில் மூன்று நாள் படகில் போகிறோம். வழியில் இந்த ஊரில் இரண்டு நாள் தங்கினோம். இருவருக்குமே நீச்சல் தெரியாது என்பதால், நேற்று கடைத்தெருவில் விசாலம் இந்த டியூபை வாங்கிக் காற்றடைத்து, இன்று கிளம்பும்போது எனக்கு மாட்டியும்விட்டாள்.

போர்ட்டர் என்னைச் சுற்றிவந்து பார்க்கிறார்.

"இன்னா சாமி, எங்க போறீங்க?"

"கோதாவரிக்கு."

"அங்க வெள்ளமா?"

நான் பதில் சொல்வதற்குள் பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்கு ஓடிவிடுகிறார்.

சற்று நேரத்தில், வேர்க்கடலையை மல்லாட்டை என்று கூவி விற்கிற அம்மாள் விசாலத்திடம் பதறிக்கொண்டு வருகிறாள்.

"போவாதீங்கம்மா! கோதாவரில வெள்ளமாம். ஜனங்க டியூபு மாட்டிக்கினு அலையுதாம்!"

விசாலம் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துவிடுகிறாள். நம் டியூபைப் பார்த்துக் கிளம்பிய புரளிதான் இது என்று விளக்குகிறேன்.

"ஸ்டேஷனே சொல்லுதே!" என்கிறாள். கண் கலங்கியிருக்கிறது. "உங்கள ஆத்துக்குக் குடுக்க மாட்டேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. ஊர் திரும்ப டிக்கெட் வாங்கப் போகிறேன். வரிசையில் நிற்பவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.

"பாவம், வெள்ளத்துல தப்பிச்சவரு," என்கிறார் ஒருவர்.