குளிக்கிற தொட்டியில எஞ்சின் கழுவின சிஞ்ஞோர்

ரெனாத்தோ சிஞ்ஞோர் செத்துப்போனார். காலமை அவற்ற மகள் மெசேஜ் போட்டிருந்தவ.

தொண்ணூறுகளில, இத்தாலிக்கு, பலேர்மோவுக்கு வந்த புதுசில, நான் வீட்டுவேலை செய்தது அவற்ற வீட்டிலதான். எங்கட ஐயா மாதிரி, அங்கை 'சிஞ்ஞோர்' எண்டுதான் கூப்பிடுறது. ஆள் பல்லு டொக்டர். மனிசி பிரிஞ்சு போயிட்டா.

மகள் பேஸ்புக்கில படம் போட்டிருக்கிறா... சிவப்பு மஸ்டாங் காருக்குப் பக்கத்தில சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். கீழ எல்லாரும் "என்ன ஒரு ஆர்வம், என்ன ஒரு காதல்" எண்டு எழுதியிருக்கினம். வாசிச்சுப்போட்டுப் போனைக் கவிட்டு வைச்சன்.

அந்தப் பழைய அமெரிக்கன் காரில இருந்தது ஆறு சிலிண்டர் எஞ்சின். அது அவருக்குக் காணாதாம். அதைக் கழட்டிப்போட்டு, எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒண்டைக் கப்பலில எடுப்பிச்சவர். வரேக்கையே கறள் பிடிச்சுக் கிடந்தது.

கராஜில வைச்சுச் செய்யலாம்தானே. இல்லை... துண்டு துண்டாக் கழட்டி மேல வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பிஸ்டனெல்லாம் குளிக்கிற தொட்டிக்குள்ள மண்ணெண்ணெயில ஊறும். தொட்டியைச் சுத்திக் கறுப்புக் களி மாதிரி அழுக்கு. முழங்காலில நிண்டு உரஞ்சிறது நான்.

பிஸ்டனில பிடிச்ச கரியைச் சுரண்ட, கிளினிக்கில பல்லுச் சுரண்டுற கம்பியைக் கொண்டுவருவார். பேந்து என்னட்டைத் தந்து "கழுவி வை" எண்டுவார்.

"இது திரும்ப ஆக்களின்ர வாய்க்குள்ள போகுமோ சிஞ்ஞோர்?"

"ஸ்டெரிலைஸ் பண்ணுவன்தானே."

அதுக்குப் பிறகு பல்லுக்குத்து வந்தாலும் நான் அவரிட்டை வாய் திறக்கேல்லை.

ஒருநாள் பிஸ்டனை ஓவனில வைச்சுச் சூடாக்கினார். அண்டைக்கு மத்தியானமே அதே ஓவனில பாஸ்தா வைக்கச் சொன்னவர். எண்ணெய் மணம்... அவர் சாப்பிட்டார். நான் சத்தி எடுத்தன்.

விட்டிட்டுப் போகலாம்தான். ஆனா பெர்மெசோ, அதுதான் அங்கை இருக்கிறதுக்கான விசா, புதுப்பிக்கிறதுக்கு அவர்தான் கையெழுத்து வைக்கவேணும். வாயைப் பொத்திக்கொண்டு உரஞ்சினன்.

எஞ்சினைக் காரில பூட்டின மெக்கானிக் எனக்கு முன்னாலதான் சொன்னவர். "டொக்டர், எஞ்சின் பெரிசு. பிறேக் பழைய சின்ன எஞ்சினுக்குப் போட்டது. அதையும் மாத்துங்கோ."

"அது பிறகு" எண்டார் இவர்.

முதல் ஓட்டம். "ஏறு றீற்றா, உன்னை வீட்டை விடுறன்" எண்டார். மாட்டன் எண்டு சொல்ல ஏலுமே...

நான் இருந்தது போர்கோ வெக்கியோவில, சந்தைக்குப் பக்கத்தில. அந்த ஒடுக்கமான தெருவுக்குள்ளயும் அவர் வேகத்தைக் குறைக்கேல்லை. பேந்து பிறேக்கை மிதிச்சார். கார் ஒரு பக்கமா இழுத்துக்கொண்டு போய், தோத்தோவின்ர மரக்கறித் தட்டில ஏறிச்சுது.

தோத்தோவிட்டைத்தான் நாங்கள் எல்லாரும் மரக்கறி வாங்கிறது. மனிசன்ர கால் தட்டுப் பலகைக்குக் கீழ நசிஞ்சு... கிடந்து முனகிறார்.

சிஞ்ஞோர் இறங்கினார். டொக்டர்தானே, பாப்பார் எண்டு நினைச்சன்.

காரின்ர பொனெற்றைத் திறந்தார்.

நானும் தோத்தோவின்ர மனிசியும் பலகையைத் தூக்கிறம். "சிஞ்ஞோர், இஞ்சை மனிசன் கிடக்குது" எண்டு கத்தினன்.

தலையை நிமித்தாமல் சொன்னார். "ஒரு நிமிஷம்... எண்ணெய் ஒழுகுதோ எண்டு பாக்கிறன்."

தோத்தோவை ஆஸ்பத்திரிக்கு ஏத்தின உடன, என்னட்டை இருந்த அவற்ற வீட்டுத் திறப்பை எடுத்து அவற்ற கையில வைச்சன்.

"பெர்மெசோவுக்கு என்ன செய்வாய்?" எண்டு கேட்டார்.

"வேற ஆரும் எழுதித் தருவினம்" எண்டன். ஆர் எண்டு எனக்கே தெரியாது. நித்திரை இல்லாமல் திரிஞ்சன்... கடைசியா மாதா கோயில் சிஸ்டர்தான் ஒரு வயசுபோன சிஞ்ஞோரா அம்மாவிட்டை வேலைக்குச் சேர்த்துவிட்டவ.

தோத்தோவுக்குக் கால் சரிவரேல்லை. கெந்திக் கெந்தித்தான் பிறகு யாவாரம் செய்தவர்.

கொஞ்ச நாளால ஒரு ஞாயிறு, பூசை முடிஞ்சு வெளியில வர, வாசலில சிஞ்ஞோர் நிக்கிறார். நான் அங்கை விட்டிட்டு வந்த செருப்பு அவற்ற கையில, ஒரு பைக்குள்ள. மன்னிப்புக் கேக்க வந்திருக்கிறார் எண்டு நினைச்சன்.

"கவலைப்படாதை றீற்றா. எஞ்சினுக்கு ஒண்டும் நடக்கேல்லை" எண்டார்.

என்னை ஆறுதல்படுத்திறாராம்.

மகளோட போனில கதைச்சன். நல்ல பிள்ளை, அழுதா. செத்தவீட்டுக்கு நான் வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன்.

ஆத்துமம் இளைப்பாறட்டும் சிஞ்ஞோர். இண்டைக்கு என்ர வாயில இவ்வளவுதான் வருகுது.