மாயாண்டியின் தோளும் முனியம்மாவின் குழவியும்

மலாயாவில், சுங்கை ரம்பாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மாயாண்டி என்று ஒரு பால்வெட்டுக்காரர். கால்வாயில் இறங்கிவிட்ட துரையின் மோட்டார் காரை அவர் ஒற்றைத் தோளால் தூக்கி ரோட்டில் வைத்தாராம். மலாக்கா டவுனில் முதல் காப்பிக் கடையில் இதைக் கேட்டபோது கார் காலியாக இருந்தது. இரண்டாவது கடையில் உள்ளே துரை உட்கார்ந்திருந்தார். மூன்றாவது கடைக்குப் போயிருந்தால் துரைசாணியும் ஏறியிருப்பார். அதற்குள், பேப்பருக்கு எழுதுகிறவனான நான், தோட்டத்துக்கு பஸ் ஏறிவிட்டேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் முதலில் அகப்பட்டவர் மாயாண்டியின் பக்கத்து வீட்டு முனியம்மா. கார் விஷயத்தை எடுத்ததும் அலட்சியமாகக் கையை வீசினார்.

“காரா? பன்னெண்டு பேரு தள்ளுனாங்க. அண்ணன் பின்னால நின்னாரு, சகதி பூரா அவரு மூஞ்சியில. அதை விடுங்க. எங்க வீட்டு அம்மிக் குழவிய ரெண்டு மாசம் தூக்கிக்கிட்டு நின்னாரே, அதைக் கேளுங்க லா.”

கேட்டேன். காரைவிட அது கனமான விஷயம்.

1931. ரப்பர் விலை தரையோடு படுத்துவிட்டது. தோட்டம் தோட்டமாக ஆளைக் குறைத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். விலையைக் கீழே தள்ளியவர்கள் யாரும் கப்பலேறியதாகத் தகவல் இல்லை. இந்தத் தோட்டத்துத் துரை நேர்மையானவர், ஆகவே ஒரு சோதனை வைத்தார். மரம் வெட்டும் மலைக்காட்டிலிருந்து பால் சேர்க்கும் ஸ்டோர் அரை மைல். இரண்டு வாளி நிறைய ரப்பர் பாலைத் தோளில் வைக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தூக்கி வர வேண்டும். வழியில் தரையில் இறக்காதவனுக்கு வேலை. இறக்கினவன் பெயர் கப்பல் பட்டியலில். சோதனைக்கு நாலு மாதத் தவணை.

அரை மைலை ஒரே தோளில் யாரும் நடக்க முடியாது. நடந்துகொண்டே கம்பை வலமிருந்து இடம், இடமிருந்து வலம் மாற்றிக்கொண்டே வரவேண்டும். மாயாண்டிக்கு மாற்றத் தோள் இல்லை. முந்தின வருஷம் மழையில் சறுக்கி விழுந்ததில் வலது தோள் எலும்பு நழுவியிருந்தது. வைத்தியர் ஏற்றி வைத்தார். ஆனாலும் சட்டையைக் கொடியில் போடக் கையைத் தூக்கினால்கூட அது வெளியே எட்டிப் பார்க்கும்.

ஊருக்கே போய்விடலாமா என்று அவர் மனைவி ஜானகியிடம் கேட்டிருக்கிறார்.

“உங்க ஊருக்கு நீங்க போவீங்க. நான் இங்க ஜாசின்ல பொறந்தவ. எந்த ஊருக்குப் போறது?”

அன்றிலிருந்து மாயாண்டி தோளைக் கவனிக்கத் தொடங்கினார்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி காளிதாஸ், தோளைப் பெருக்கும் வித்தை என்று சீமையிலிருந்து தபாலில் ஒரு புத்தகம் தருவித்திருந்தார். மூன்று நாள் செய்தார். நாலாம் நாளிலிருந்து அது மேஜைக் காலுக்கு அடியில் புகுந்து ஆட்டத்தை நிறுத்தியது. அதை உருவி எடுத்து வாசித்துக் காட்டினார்: சிறிய எடை, பல தடவை, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டு. மாயாண்டிக்கு இதில் ‘எடை’ என்பது மட்டும் காதில் தங்கியது. அன்று மாலையே ஜானகியின் அம்மிக் குழவியைத் தலைக்கு மேல் தூக்கினார். தோள் நழுவியது. வைத்தியர் மறுபடி வந்தார்.

பத்து நாள் கழித்து, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் மணல். பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கு, மெதுவாக இறக்கு. பத்து தடவை. ஓய்வு. மறுபடி பத்து. ஊரறிந்த சுமைக்காரர், லயத்து வாசலில் ஒரு கிண்ணத்தோடு நின்றார்.

கங்காணி பெரியதம்பி போகிறபோக்கில் கேட்டார்: “என்னய்யா, தேத்தண்ணி குடிக்கப் பழகுறியா?”

லயமே சிரித்தது. மாயாண்டி மனதுக்குள் எண்ணிக்கொண்டே தூக்கினார். பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும். இந்தத் தோட்டத்தில் நான் கேள்விப்பட்ட வீரச் செயல்களில் இதையே முதலாவதாக வைப்பேன்.

கிண்ணம் பால் டின் ஆயிற்று, டின் இரண்டாயிற்று, பிறகு கயிறு கட்டிய குழவி. ஒன்றரை மாதத்தில் வலது தோள் திரண்டது. வாளிகளைக் கட்டி ஒத்திகை பார்த்தார். வலது நின்றது, இத்தனை நாள் சும்மா இருந்த இடது மடங்கியது. மனிதனுக்குத் தோள் இரண்டு என்பதை அவர் மட்டுமல்ல, புத்தகம் வாசித்த கிராணியும் மறந்திருந்தார்.

இன்னொரு குழவி வேண்டும். அம்மியை விட்டுக் குழவியைப் பிரித்தால் அந்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் பிரிவார்கள் என்று லயத்தில் நம்பிக்கை. தினமும் சண்டை போடும் வீடுகளில்கூடக் கொடுக்கவில்லை. முனியம்மா மட்டும் தூக்கிக் கொடுத்தார். அவர் புருஷன் சிங்கப்பூருக்குப் போய் ஐந்து வருஷம்.

“இங்க பிரியுறதுக்கு யாரு இருக்கா? கொண்டு போங்கண்ணே.”

இரண்டு வீட்டுக் குழம்பிலும் மசாலா அரைபடாமல் போக, இரண்டு தோளும் சேர்ந்து ஏறின.

சோதனை நாளில் மாயாண்டி நாலு தடவை தோள் மாற்றினார். ஸ்டோருக்கு நூறு அடி இருக்கையில் வலது தோளில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் பட்டியலோடு நடந்த காளிதாஸுக்கே கேட்டது. மாயாண்டி நின்றார். இறக்கக்கூடாது என்பதுதான் சட்டம், நிற்கக்கூடாது என்று இல்லை. துரை கடிகாரத்தைப் பார்த்தார். மாயாண்டி மூச்சை உள்ளே இழுத்து, கிண்ணத்தை இறக்கிய அதே நிதானத்தில் விட்டார். கம்பை இடப்பக்கம் தள்ளினார். நடந்தார். வாளிகளில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

“போலே,” என்றார் துரை. மலாயில் ‘முடியும்’ என்று அர்த்தம். மாயாண்டியின் பெயர் கப்பல் பட்டியலில் ஏறவில்லை.

இவருக்குப் பின்னால் வந்த இன்னொரு பால்வெட்டுக்காரர் ராமையா வழியிலிருந்த பாலத்தருகே வாளியை இறக்கிவிட்டார். அந்த வாரமே கப்பல். புறப்படும் முன் அவரிடம் சேர்க்கவேண்டிய ஒன்று மாயாண்டியிடம் தங்கிவிட்டது. கம்பு உறுத்தாமல் இருக்க, தன் தோளிலிருந்த துண்டை எடுத்து மாயாண்டியின் தோளில் மடித்துப் போட்டு அனுப்பியவர் ராமையாதான். ராமையா வெறுந்தோளில்தான் நடந்தார். பட்டியலில் அவர் ஊர் என்ன என்று மாயாண்டி காளிதாஸைத் தேடச் சொல்லியிருக்கிறார். ‘மதராஸ்’ என்று மட்டும் இருந்ததாம்.

பேப்பரில் போடுவதானால் தன்னைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இதை எழுதுங்கள் என்று மாயாண்டி என்னிடம் சொன்னார். எழுதுகிறேன்: ராமையா, உங்கள் துண்டு, சிவப்புக் கரை போட்டது, துவைத்து மடித்து இங்கே இருக்கிறது. எந்த ஊருக்கு அனுப்புவது?