பெரியம்மா எழுதிய வில்லி

புதிதாக அச்சாகி வந்த மாத நாவலைப் பிரித்தால் மண்ணெண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்தது போல ஒரு வாடை வரும். படித்து முடிப்பதற்குள் கட்டைவிரல் கறுத்துவிடும். குரோம்பேட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே இருந்த புத்தகக் கடையில் அந்த நாவல்களைக் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அட்டையில் கண்ணீரோடு ஒரு பெண்ணும், அவளுக்குப் பின்னால் ஒற்றைப் புருவத்தை உயர்த்தியபடி இன்னொரு பெண்ணும் இருப்பார்கள். அழுகிறவள் நல்லவள், புருவம் உயர்த்துகிறவள் கெட்டவள் என்பது எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலேயே எனக்குத் தெரியும். அந்த நாவல்களில் சிலவற்றை எழுதியவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். என் அப்பாவின் அண்ணன் மனைவி, எனக்குப் பெரியம்மா. வேறொரு பெயரில் எழுதினார்; அந்தப் பெயரை இங்கே சொல்ல மனம் வரவில்லை. வீட்டில் அவர் பெயர் ரூபி.

அஸ்தினாபுரத்தில் தாத்தா கட்டிவிட்டுப் போன வீடு அது. "கீழ்வீட்டில்" நாங்கள், "மேல்வீட்டில்" பெரியப்பாவும் பெரியம்மாவும். அவர்களுடைய மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அப்பாவும் பெரியப்பாவும் அலுவலகம் போகிறவர்கள், என் அம்மா ஸ்டெல்லா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. பகலெல்லாம் வீட்டில் தனியாக இருந்த பெரியம்மா, சமையல் முடிந்ததும் மாடி வராந்தாவில் நாற்காலியைப் போட்டு, மடியில் பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு எழுதுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்டைத் திறக்கும்போது மேலேயிருந்து எட்டிப் பார்த்து, முறுக்கு இருக்கிறது வா என்பார். அவர் நல்லவராகவும் இருந்தார் என்பதை மறைத்து எழுதினால் நானும் அவர் எழுதியதைப் போலத்தான் எழுதுகிறேன் என்று ஆகிவிடும்.

பெரியம்மா எழுதியதை முதலில் படிப்பவள் அம்மாதான். சனிக்கிழமைகளில் துணி துவைத்துப் போட்டுவிட்டு மேலே போய், ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுப்பாள். ஒருமுறை நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தேன். அம்மா தாள்களை மடியில் வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அக்கா, இந்த வில்லி எதுக்கு இவ்ளோ கெட்டவளா இருக்கா? காரணமே வரலையே."

"பொறாமைதான், வேற என்ன?"

"பொறாமைன்னா எதைப் பாத்துன்னு ஒண்ணு வேணுமில்லக்கா? சும்மா யாரும் பொறாமைப்பட மாட்டாங்க."

பெரியம்மா தாள்களை வாங்கி அட்டையில் செருகிக்கொண்டார். அந்த நாவல் பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. அதற்கு முன் அனுப்பியவற்றிலும் பாதிக்கு மேல் திரும்பி வந்தவைதான்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனியாகப் பாடும் பாட்டை அம்மாவுக்குக் கொடுத்தார்கள். அம்மா கல்யாணமாகி வருவதற்கு முன்பிருந்தே பாடகர் குழுவில் அதைப் பாடி வந்தவர் பெரியம்மா. அவருக்குக் குரல் கரகரத்துப் போயிருந்தது, மேல் ஸ்தாயியில் எட்டவில்லை; குழுவை நடத்தியவர் யோசித்து யோசித்துத்தான் மாற்றினார். அம்மா மாட்டேன் என்றாள். நீயே பாடு என்று வற்புறுத்தியது பெரியம்மாதான். தன் அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து வந்து, அம்மாவுக்குக் கட்டிவிட்டு, மடிப்பை நீவிவிட்டு, தூரத்தில் நின்று பார்த்தார். ஆராதனை முடிந்து வாசலில் எல்லாரும் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்துக் குலுக்கியபோது, பெரியம்மா கேக் துண்டுகள் அடுக்கிய தட்டை ஏந்திக்கொண்டு ஓரமாக நின்றார். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பசியாக இருந்ததால் எனக்குக் கண் அந்தத் தட்டின்மேல்தான் இருந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அடுத்த நாவல் மழைக்காலம் முடிந்து வந்தது. அதை எழுதும்போது அம்மாவைத் திருத்தக் கூப்பிடவில்லை. கதையில் ஒரு கூட்டுக் குடும்பம். மூத்த மருமகள் பொறுமைசாலி, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு பூஜையறையில் போய் அழுகிறவள். இளைய மருமகள் மாலினி, பள்ளிக்கூட டீச்சர். மூத்தவளின் நல்ல பெயரைப் பார்த்து வயிறெரிகிறவள். நவராத்திரிக் கொலுவில் பாடி ஆண்களை மயக்குகிறவள். கர்ச்சீப்பை முக்கோணமாக மடித்து இடுப்பில் செருகியிருப்பாள். "தப்பா நினைக்காதீங்க" என்று தொடங்கித்தான் யாரைப் பற்றியும் எதையும் சொல்வாள். பாடும்போது மேல் ஸ்தாயிக்கு முகவாயைத் தூக்குவாள். கர்ச்சீப் அம்மாவுடையது, "தப்பா நினைக்காதீங்க" அம்மாவுடையது, முகவாயும் அம்மாவுடையது. மதத்தை மட்டும் மாற்றியிருந்தார்.

அந்த நாவல் ஓடியது. பெரியம்மா எழுதியதிலேயே முதல்முறையாக ஒன்று ஓடியது. பதிப்பகத்தார் மாலினியை வைத்து இன்னொன்று கேட்டார்கள், பிறகு இன்னொன்று. ரயிலைவிட்டு இறங்கிய அம்மாவைப் புத்தகக் கடைக்காரர் ஒருநாள் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இன்னா டீச்சர், உங்க மேல்வூட்டம்மா புக்கு வந்த அன்னிக்கே தீந்துபூடுது. இன்னும் ரெண்டு கட்டு கேட்டுகினு கீறேன்."

அவருக்குச் சூது தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் நாவல் மேசையிலிருந்து மேசைக்குப் போனது. அம்மா உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. பாடகர் குழுவில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்கள் சற்று நகர்ந்து நின்றார்கள். நேரில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா முதலில் கர்ச்சீப்பைக் கைப்பைக்குள் வைக்கத் தொடங்கினாள். பிறகு வாய்வரை வந்த "தப்பா நினைக்காதீங்க"வை விழுங்கிக்கொண்டு பாதிப் பேச்சில் நிற்கத் தொடங்கினாள். கடைசியில் தொண்டை சரியில்லை என்று சொல்லிப் பாடகர் குழுவிலிருந்து நின்றுவிட்டாள்.

பெரியம்மாவுக்கோ விஷயம் தேவைப்பட்டது. ஒரு வில்லி மூன்று நாவலுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் அவள் மேலும் மேலும் கெட்டுப்போயாக வேண்டும். முதல் நாவல் மனம் புண்பட்டு எழுதியதாக இருக்கலாம். அதற்குப் பின் வந்தவற்றைப் பழகிய கையோடு, கூலியோடு, கைதட்டலோடு எழுதினார். மாடிப்படியின் திருப்பத்தில் அவருடைய ரப்பர் செருப்பு கிடப்பதைப் பார்த்தால், ஒட்டுக்கேட்கிறார் என்று நாங்கள் கீழே குரலைத் தாழ்த்திக்கொள்வோம்.

ஒரு ஐப்பசி மாதச் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டு, எங்கள் தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். ஆட்டோ எதுவும் உள்ளே வர மறுத்துவிட்டது. அம்மாவின் பள்ளிக்கூடத்து ட்ராயிங் மாஸ்டர், செம்பாக்கத்தில் குடியிருந்த வயதான மனிதர், தன் ஸ்கூட்டரில் அம்மாவை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். பெரியம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, காய்ந்த துண்டோடு இறங்கி வந்து, அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்துத் தலையைத் துவட்டிவிட்டார். சளி பிடித்துக்கொள்ளப் போகிறது என்று கடிந்துகொண்டார். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்தபடி இருந்தாள். பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

மூன்றாவது நாவலில் மாலினி மழையில் ஒரு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஓட்டியவனுக்கு வயது முப்பது. துண்டு வரவில்லை, காப்பி வரவில்லை.

அதைப் படித்த அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள். துணைக்கு வேறு யாரும் இல்லை என்பதால் என்னைக் கூட்டிப்போனாள் என்று இப்போது தோன்றுகிறது. பெரியப்பா செய்தித்தாளை முகத்துக்கு மேலே உயர்த்திக்கொண்டார். அம்மா நின்றபடியே கேட்டாள்.

"ஏங்க்கா இப்படி எழுதறீங்க?"

"கதைதானே ஸ்டெல்லா."

"அது நான்தான்னு எல்லாருக்கும் தெரியுது."

"நான் மாலினின்னு எழுதினேன். நீயா வந்து நான்தான்னு சொன்னா நான் என்ன செய்ய?" பெரியம்மா பேனாவை மூடி வைத்தார். "குத்தமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க."

அந்தப் பழமொழியைப் போல ஒரு பூட்டை நான் அதற்குப் பின் பார்த்ததில்லை. வாய் திறந்தால் குற்றவாளி, திறக்காவிட்டாலும் குற்றவாளி. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். பெரியப்பா மட்டும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, எழுத்தை எழுத்தாகப் பார்க்க வேண்டும் என்று எங்கள் முதுகுக்குச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார். அவர் அதிர்ந்து பேசாத மனிதர். அம்மாமேல் கையோங்கியதில்லை, திட்டியதில்லை.

"அந்த ஸ்கூட்டர் யாருது?"

அம்மா சொன்னாள். மாஸ்டரின் பெயர், வயது, அன்றைய மழை, துண்டு, காப்பி எல்லாம். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி என்று சொல்லி மோர் ஊற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து, அம்மா வரும் ரயிலுக்கு அலுவலகத்திலிருந்து நேராக வந்து குரோம்பேட்டை நிலையத்து வாசலில் நிற்க ஆரம்பித்தார். ரயில் தாமதமானால் எதனால் என்று விசாரிப்பார். தெருப் பெண்கள், டீச்சர் கொடுத்து வைத்தவர், வீட்டுக்காரர் எவ்வளவு அக்கறையாக வந்து நிற்கிறார் என்றார்கள். அம்மா சிரித்துவைப்பாள். அடுத்த வருடமே வீட்டை விட்டுச் சேலையூருக்கு வாடகைக்குப் போனோம். அங்கும் அவர் நிற்பது நிற்கவில்லை. தாம்பரத்தில் பள்ளிக்கூட வாசலுக்கே வந்தார். அம்மா ஓய்வு பெறும்வரை வந்தார்.

கல்லூரி படிக்கும்போது, குரோம்பேட்டையில் ஒரு வாடகை நூலகத்தில் அந்த மூன்று நாவல்களையும் தேடி எடுத்து, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். கோபப்படத்தான் போனேன். மூன்றாவதில் ஓர் இடம் வந்தது. கொலுவில் யாரோ ஒரு பெண்ணைப் பாராட்டி எல்லாரும் சூழ்ந்து நிற்கிறார்கள். மாலினி சுண்டல் தட்டோடு ஓரமாக நிற்கிறாள். தட்டின் விளிம்பு விரலில் அழுந்தி வலிக்கிறது, கீழே வைத்தால் தோற்றதாகிவிடும் என்று வைக்காமல் நிற்கிறாள். என் அம்மா வாழ்நாளில் ஒருபோதும் அப்படித் தட்டோடு நின்றவள் இல்லை. உடம்பும் நடையும் பேச்சும் அம்மாவுடையவை; அந்த எரிச்சல் முழுக்க முழுக்க எழுதியவருடையது. பொறாமைக்கு ஒரு காரணம் வேண்டும் என்று அம்மா கேட்டாள். பெரியம்மா காரணத்தைத் தன்னிடமிருந்து எடுத்து, அதை அம்மாவின் முகத்தில் பூசிவிட்டார். குடும்பக் கதைகளில் நல்லவளுக்குப் பொறாமையே வராது, அழத்தான் தெரியும் என்பதால், தனக்கு வந்ததை வைக்க அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை போலும். இதைப் புரிந்துகொண்டதால் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வரவில்லை.

அப்பா போய் ஏழெட்டு வருடம் ஆகிறது. பெரியப்பாவும் இல்லை. தாத்தாவின் வீட்டை இடித்துக் கட்டிய அடுக்ககத்தில், பில்டர் கொடுத்த ஒரு படுக்கையறை வீட்டில் பெரியம்மா தனியாக இருக்கிறார், மகன் வெளிநாட்டில். போன கிறிஸ்துமஸுக்கு அம்மா கல்கல் பலகாரம் செய்து டப்பாவில் போட்டு, கொடுத்துவிட்டு வா என்றாள். ஏனென்று கேட்டேன். அவர்களுக்கும் நம்மைவிட்டால் யார் என்றாள்.

பெரியம்மா சோபாவில் சாய்ந்திருந்தார். காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவு. கல்கல்லை எடுத்து மெல்லத் தொடங்கியபின் கேட்டேன்.

"அம்மாவை ஏன் பெரியம்மா அப்படி எழுதினீங்க?"

கதைதானே என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"அவ வந்ததுக்கப்புறம் என்னை யாரும் திரும்பிப் பாக்கலடி. சரி, கெட்டவளா எழுதிட்டா பாக்க மாட்டாங்கன்னு எழுதினேன்." டப்பாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினார். "அப்பவும் அவளத்தான் பாத்தாங்க. இப்பவும் யாராச்சும் பழைய ஆளுங்க வந்தா மாலினி மாலினின்னுதான் கேக்கறாங்க. அழுது அழுது குடும்பத்தைக் காப்பாத்துனாளே மூத்தவ, அவளப் பத்தி ஒருத்தி கேட்டதில்ல."

வருத்தம் அவர் குரலில் இருந்தது. அது என் அம்மாவுக்காக இல்லை. முப்பது வருடத்துக்குப் பின்னும், தானே பெற்றுவிட்ட ஒரு வில்லியைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், நடந்ததைச் சொன்னேன். கோபமோ அழுகையோ வரும் என்று நினைத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"அந்த மூத்த மருமகள் பேரு என்ன?" என்றாள்.

எனக்கும் நினைவு வரவில்லை. பெரியம்மாவிடம் மறுபடி போய்க் கேட்க எனக்கு விருப்பமில்லை. ரயில் நிலையத்து வாசலில் இப்போது செல்போன் உறைகள் தொங்குகின்றன. வாடகை நூலகம் இருந்த இடத்தில் மருந்துக்கடை. பழைய புத்தகக் கடைகளிலும் கேட்டுப் பார்த்துவிட்டேன். பார்த்துச் சொல்ல ஒரு பிரதிகூட எங்கும் இல்லை.